3 செ.மீ. பிழையுள்ள ரேடார் 3 மி.மீ. உயர்வை அளக்க முடியாதா?

"செயற்கைக்கோள் ரேடாரின் பிழையே 3 சென்டிமீட்டர். அது எப்படி ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் கடல்மட்ட உயர்வைக் கண்டுபிடிக்கும்? எல்லாம் கட்டுக்கதை" என்றொரு பதிவு பரவுகிறது. எண் சரி, முடிவு தவறு.

3 செ.மீ. என்பது ஒரே ஓர் அளவீட்டின் பிழை. 1,336 கி.மீ. உயரத்தில் சுற்றும், கடல்மட்டத்தை ரேடாரால் அளக்கும் ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்கள் சுமார் 10 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகின்றன. அதற்குள் கடல்மீது நொடிக்கொன்றாகச் சில லட்சம் அளவீடுகள் சேர்ந்துவிடும். கூடியும் குறைந்தும் வரும் பிழைகள் சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்து, உலகச் சராசரியில் சில மி.மீ. மட்டுமே மிஞ்சும். 1993 முதல் கடல் உயர்ந்திருப்பதோ சுமார் 10 செ.மீ.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கருவியின் அளவே மெல்ல ஒரே பக்கமாக விலகினால்? அதைச் சராசரி காப்பாற்றாது. ஜேசனுக்கு முந்தைய டோபெக்ஸ் செயற்கைக்கோளின் முதல் ரேடாரில் அப்படித்தான் நடந்தது. 1993-98 தரவு கோணலானது. கரையோரத்தில் கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானிகளோடு ஒப்பிட்டதில்தான் அது பிடிபட்டது.

பழைய செயற்கைக்கோளிலிருந்து புதியதற்கு மாறும்போதும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் 2020 நவம்பரில் ஏவப்பட்ட புதிய செயற்கைக்கோளான சென்டினல்-6, பழைய ஜேசன்-3க்கு 30 நொடி பின்னால், அதே பாதையில் சுமார் ஓராண்டு பறக்கவிடப்பட்டது. ஒரே நீர்ப்பரப்பை இரண்டும் அளந்தால், வரும் வேறுபாடு கருவியுடையது. அதைக் கழித்த பிறகே இரண்டின் அளவீட்டுத் தொடர்களும் இணைக்கப்படுகின்றன.