அழுக விடாத அழுகல் கலை

அழுகலைக் கலையாக்குவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்த வாழைப்பழத்துக்குத்தான் போகிறார்கள். 2019இல் மயாமியில் இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டியது. 2024 நவம்பரில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில், கட்டணமெல்லாம் சேர்த்து, 62 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலைமீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பழம் அழுகுவதே இல்லையே! கறுக்கத் தொடங்கினால் வேறு பழம் வந்துவிடும். வாங்கியவரிடம் நிலைத்திருப்பது ஒரு சான்றிதழும் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும்தான். பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் சுறா கதையும் இதேதான். 1991இல், உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத் தொட்டியில் வைத்தது சிதைந்துபோக, 2006இல் வேறு சுறாவை வைத்தார்கள். பணம் போட்ட இடத்தில் அழுகலுக்கு அனுமதியில்லை.

நிஜமாகவே அழுக விட்டவர் என்று நான் சொல்வது அமெரிக்கக் கலைஞர் ஜோயி லெனர்டை.

1992இல் அவருடைய நண்பர், கலைஞரும் எழுத்தாளருமான டேவிட் வொய்னரோவிச் எய்ட்ஸால் இறந்தார். வயது 37. அந்தக் காலத்தில் லெனர்ட், தின்று முடித்த ஆரஞ்சுத் தோலை எறிய மனமில்லாமல், ஊசி நூல் எடுத்து மறுபடி உருண்டையாகத் தைத்தார். பிறகு வாழை, எலுமிச்சை, அவகாடோ என்று 1997 வரை சுமார் 300 தோல்கள். நூலால், கம்பியால், பட்டனால், சிலவற்றை ஜிப் வைத்து. ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ (விசித்திரப் பழம்) என்று பெயரிட்டு டேவிடுக்குச் சமர்ப்பித்தார். தரையில் பரப்பிக் கிடக்கும். உள்ளே சதை இல்லை, தைத்ததால் பழம் திரும்பி வரப்போவதும் இல்லை. அது தெரிந்தே அவ்வளவு பொறுமையாகப் போட்ட தையல். இதைவிட அழகான ஒன்றை நம் காலத்துக் கலையில் என்னால் காட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்டியன் ஷைடமான் என்ற, கலைப்பொருட்களைச் சிதையாமல் காக்கும் நிபுணர் 25 தோல்களை மேற்கொண்டு சிதையாதபடி நிறுத்திக் கொடுத்தார். வேலை வெற்றிதான். ஆனால் லெனர்ட் அதை ஏற்கவில்லை. மற்றவை தம் போக்கில் சுருங்கட்டும், உதிரட்டும் என்று விட்டுவிட்டார். 1998இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் இதெல்லாம் தெரிந்தேதான் வாங்கியது.

அழியப்போகிற பொருளுக்கு அருங்காட்சியகம் எதற்கு, பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும், இன்னும் காட்டும் நிலையில் இருக்கிறதா என்று ஒருவர் குனிந்து, தோல் தோலாகப் பார்க்க வேண்டும். அந்தக் கவனிப்புக்குத்தான் பணம். நோயில் கிடந்த டேவிடின் தலைமுறைக்கு அமெரிக்க அரசு கொடுக்க மறுத்ததும் அதைத்தான்.