ஐடிலில் ஓடும் விமான இன்ஜின்: முன்பக்கம் பயமில்லையா?

மீனம்பாக்கத்தில் ராம்ப் (விமானங்கள் நிற்கும் தளம்) வேலைக்குச் சேரப்போகும் தம்பிக்கு, “ஐடிலில் (விமானம் நகராமல், குறைந்த வேகத்தில்) ஓடும் இன்ஜினுக்குப் பின்னால்தான் ஆபத்து, முன்னால் பயமில்லை” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறுங்க. போயிங் 737 ஐடிலில் இருந்தாலே முன்னாலும் பக்கவாட்டிலும் சுமார் 10 அடிக்குள் போகக்கூடாது. பின்னால் அனல்காற்று இருப்பது உண்மைதான், ஆனால் முன்னால் இழுத்துவிடும். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரியில் கேட்டுக்கு வந்து நின்ற விமானம் ஒரு தரைப்பணியாளரை அப்படித்தான் உள்ளே இழுத்தது. 2015-இல் மும்பையிலும் ஒரு டெக்னீஷியன் இப்படி உயிரிழந்தார்.

அப்புறம் தம்பி, இன்ஜின் சுற்றுவதைக் காட்ட விசிறி நடுவில் வரைந்த வெள்ளைச் சுருளை மட்டும் நம்பாதே. நம்மூர்க் கடற்காற்றுக்கு, அணைத்த இன்ஜினும் மெல்லச் சுற்றும். காதில் சத்தம் தடுக்கும் மஃப் மாட்டினால் எது ஓடுகிறது என்றும் தெரியாது. விமானத்தின் வயிற்றுக்கடியில் மின்னும் சிவப்பு விளக்கு அணைந்து, சூப்பர்வைசர் கை காட்டியபிறகு கிட்டே போ.