ஆயா வேலைக்கு டிப்ளமோவா?

சனிக்கிழமை, படிக்கிறவர்களுக்கு மாலை போட்ட பாராட்டு மேடையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் முழுக்க வாட்ஸப்பில் சுற்றி, ஊரின் அந்தக் கோடி பீனிக்ஸ் வரைக்கும் போய்விட்டது. டாக்டருக்குப் படிக்கும் பெண்ணுக்கு மாலை, வக்கீல் பையனுக்கு மாலை, அப்புறம் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகப் படிக்கும் என் பெயரை வாசித்துவிட்டு, மைக் பிடித்திருந்த அண்ணன், "ஆயா வேலைக்கும் இப்ப டிப்ளமோ வந்துட்டுதுங்க" என்றார். சிரிப்பு. நானும் சிரித்திருக்கிறேன், வீடியோவில் தெரிகிறது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னார், நீ ஏன் பெரிசு பண்றே" என்று மூன்று பேர் போன் செய்தார்கள். சரி, விளையாட்டுதான். டாக்டர் பெண்ணிடம் ஏன் அந்த விளையாட்டு வரவில்லை?

இது படிப்பு. கிரேடு ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு, அதன் ஆசிரியருக்கான மூன்று வருட டிப்ளமோ. 41 வயதில், தொலைதூரக் கல்வியில், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன். நடுநடுவே பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் போவதற்கு முன்பே ஃபார்ம் 30 கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்களின் பதிவேட்டில் நம் பெயர் இல்லை என்று பார்ப்பதற்கு. மேடையில் மைக் பிடிக்க ஒரு ஃபார்மும் கிடையாது.

போன மாதம் பயிற்சி வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். ஏழு குளிர்பான மூடிகளை ஒரு வரிசையாக வைத்தேன், அதற்கு நேராக இன்னொரு ஏழு. இரண்டும் சமமா? சமம். அவன் கண் முன்னாலேயே ஒரு வரிசையைத் தள்ளித் தள்ளிப் பரப்பினேன். இப்போது? "இதுலதான் நிறைய, மேம்." எண்ணச் சொன்னால் இரண்டிலும் ஏழு என்று சரியாக எண்ணுகிறான், எண்ணி முடித்துவிட்டு மறுபடி நீளமானதில்தான் நிறைய என்கிறான்! மக்குத்தனம் இல்லை. அந்த வயதுக் கண்ணுக்கு நீளம்தான் கணக்கு. பியாஜே என்ற சுவிஸ்காரர் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். இது தெரியாதவர் "தப்பு" என்று குட்டு வைப்பார். தெரிந்தவர் மூடிகளை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பார். அந்த உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் நான் ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை ஏன் இன்னும் ஏபிசி எழுதவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்: மாவு பிசைந்து, மணி கோத்து, விரல் பலப்பட்ட பிறகுதான் பென்சில்.

"எங்க பெரியம்மா படிக்காமலே முப்பது வருஷம் பிள்ளைகளைப் பாத்துக்கற கிரெஷ் நடத்தினாங்களே" என்பீர்கள். என் அத்தையும்தான், கராஜில். அவர் காலில் விழுந்து கும்பிடுவேன். ஆனால் காது மந்தமான ஒரு பிள்ளையைப் பிடிவாதக்காரி என்று நினைத்து ஒரு வருடம் மூலையில் உட்கார வைத்ததை இன்றைக்கும் அழுதுகொண்டுதான் சொல்வார். "எனக்குத் தெரியலையேடி" என்பார்.

சம்பளம்? குறைவுதான். அரசிடம் பதிவான மழலையர் மையத்தில் ஏழைப் பிள்ளைக்கு அரசு கொடுத்த மானியம் பல வருடமாக நாளுக்கு 17 ராண்ட், 2025-ல்தான் 24 ஆனது. கடையில் ரொட்டி விலை கேட்டவருக்குப் புரியும். ஆனாலும் அந்த அரசாங்கமே 2022 ஏப்ரலில் இந்த வேலையைச் சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து எடுத்து அடிப்படைக் கல்வித் துறையிடம் கொடுத்தது. 2024-ல் பேலா என்ற பள்ளிக் கல்வித் திருத்தச் சட்டம் கிரேடு ஆர் கட்டாயம் என்றது. தலைநகர் பிரிட்டோரியாவுக்குப் புரிந்தது நம்ம மேடைக்கு ஏறவில்லை.

அப்புறம் அந்த "ஆயா". எங்கள் வீட்டில் ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். அம்மா விடிகாலையில் துணி ஃபாக்டரிக்கு பஸ் ஏறிப் போய்விடுவாள். எங்கள் நாலு பேரையும் வளர்த்தது ஆயாதான். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிக் கொடுத்தவள். இந்தப் பதிவைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அவளால்தான். அதே மேடையில் அரை மணி நேரம் முன்னால், 1860-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் காப்பாற்றிய மொழி நம் பிள்ளைகள் வாயில் இல்லையே என்று அந்த அண்ணன் கண் கலங்கினார். நானும் கலங்கினேன். மொழி எந்த வயதில் அண்ணே வாயில் ஏறும்? யூனிவர்சிட்டியிலா? நாலு வயதுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பேசுகிறவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று எந்த வாயால் அழுவது?

மெட்ரிக் முடித்தபோதே டீச்சருக்குப் படிக்கக் கேட்டேன். வீட்டில் ஒருவரைப் படிக்கவைக்கத்தான் காசு இருந்தது, அது தம்பிக்குப் போனது. நான் இருபது வருடத்துக்கு மேல் கடையில் காசு வாங்கும் டில்லில் உட்கார்ந்தேன். அதில் எனக்குக் கசப்பு இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் முன் வரிசையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான், பார்த்தீர்களா? தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குளிர்பான மூடிகள் இன்னும் நாற்பது வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை மேடைக்குக் கீழே நிறையக் கிடந்தன, பொறுக்கத் தோன்றவில்லை. வைத்திருப்பவர்கள் கழுவி எடுத்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை ஆயா வந்து வாங்கிக்கொள்வாள்.