‘நீட் நாட்’ பிழையான ஆங்கிலம் அல்ல

மட்டக்களப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: “‘ஹீ நீட் நாட் கம்’ (He need not come) பிழை, ‘நீட்’டுக்குப் பின் ‘டு’ கட்டாயம்.” இது உண்மையல்ல. இதை நம்பி, எழுதிய சரியான விடையை வெட்டிய ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

‘நீட்’ இரண்டு விதமாக இயங்கும். முதன்மை வினையானால் ‘ஹீ டஸ் நாட் நீட் டு கம்’. துணைவினையானால் ‘ஹீ நீட் நாட் கம்’; அங்கே ‘டு’வும் இல்லை, ‘எஸ்’ஸும் இல்லை. இரண்டுக்கும் பொருள், அவன் வரவேண்டியதில்லை என்பதே. ஆனால் ‘ஹீ நீட் கம்’ பிழைதான்; துணைவினை வடிவம் பெரும்பாலும் எதிர்மறையிலும் வினாவிலுமே வரும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது இறந்தகாலத்தை. ‘யூ நீட் நாட் ஹாவ் பாட் கேர்ட்’ (You need not have bought curd) என்றால் தயிர்ச்சட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, வாங்காமலே இருந்திருக்கலாம். ‘யூ டிட் நாட் நீட் டு பை கேர்ட்’ என்றால் வாங்கும் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். சட்டி வந்ததா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது.

‘மஸ்ட் நாட்’ வேறு. அது ‘வரக்கூடாது’ என்ற தடை.