கையெழுத்துப் போடாதவனின் விளக்கம்

நேற்று மாலை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. வழக்கமாக இருபது நாற்காலி போட்டால் ஏழு காலியாகக் கிடக்கும். நேற்று ஜன்னல் திண்டில்கூட ஆள் உட்கார்ந்திருந்தார்கள். காரணம், பிரதான சாலை முனையில் மூடிக் கிடக்கும் வணிக வளாகம். அதன் உரிமையாளர் நிலப் பயன்பாட்டை வணிகத்திலிருந்து குடியிருப்பாக மாற்றித் தரும்படி விண்ணப்பித்திருக்கிறார். ஒப்புதல் கிடைத்தால் அங்கே அடுக்குமாடி எழும்பும். ஆட்சேபணைப் படிவம் என் கைக்கு வந்தபோது அதில் முப்பத்தொரு கையெழுத்து ஏறியிருந்தது. நான் போடாமல் வைத்திருந்ததைப் பார்த்த பக்கத்து நாற்காலிக்காரர், பேனா இல்லை போலிருக்கிறது என்று தன் பேனாவை நீட்டினார்.

ஏன் போடவில்லை என்று இரவிலிருந்து நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் போகும் வழியில் அந்த வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். தரைத்தளத்தில் பதினான்கு ஷட்டர்கள். அவற்றில் திறந்திருப்பவை இரண்டு. மற்ற பன்னிரண்டின் பூட்டுகளும் துருவேறி, சாவி கிடைத்தாலும் திறக்குமா என்பது சந்தேகம். பெயர்ப் பலகையில் எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. உதிர்ந்த இடத்தில் மட்டும் வெயில் படாத பழைய வண்ணம் பளிச்சென்று இருப்பதால் பெயரை இன்னமும் படிக்க முடிகிறது. வாகனம் நிறுத்தும் சிமெண்ட் தரையில் விரிசல்தோறும் புல். ஒரு விரிசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி வளர்ந்து நிற்கிறது. கூட்டத்தில் சுற்றிவந்த படிவத்தின் முதல் வரியோ, ‘பகுதியின் வணிகச் சூழலைப் பாதுகாக்க வேண்டும்’ என்கிறது. அந்த வளாகத்தில் பாதுகாக்க மிச்சமிருக்கும் சூழல் அந்தச் செடிதான்.

இணையத்தில் வாங்கும் பழக்கம் வந்த பிறகு கடைகளுக்கான இடத்தேவை குறைந்தது. 2020க்குப் பிறகு அலுவலகங்களும் சுருங்கின. உலகின் பல நகரங்களில் நடந்த கதை இது. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த மனைக்கு வணிகத்துக்கான வண்ணம் பூசியிருப்பதால் மட்டும் அங்கே வியாபாரிகள் வந்து குவிந்துவிட மாட்டார்கள். சுற்றி ஆள் குடியிருந்தால்தான் கடை ஓடும்.

நானும் ஒரு காலத்தில் இப்படிப் படிவம் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவின் பின்பக்கத்தில் இருந்த ஒரு வணிக மனையில் இருபத்து நான்கு வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். வென்றோம். அன்று இரவு ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டதெல்லாம் நினைவிருக்கிறது. மறு ஆண்டே அந்த மனையில் ஒரு சரக்குக் கிடங்கு வந்தது. யாரும் நம்மைக் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. வணிகப் பகுதியில் கிடங்கு வைக்கப் பயன்பாட்டு மாற்றம் வேண்டாம், விசாரணை வேண்டாம், ஆட்சேபணைக்கு இடமும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு லாரி பின்னோக்கி வரும்போது எழும் ‘பீப், பீப்’ சத்தம் என் படுக்கையறைக்குள் கேட்கிறது. இருபத்து நான்கு குடும்பங்கள் வேண்டாம் என்று நாம் சொன்னதற்குக் கிடைத்தது அது.

படிவத்தில் யாருமே எழுதாத விஷயம் இதுதான். ‘மாற்றாதே’ என்று நாம் சொன்னால் நிலம் அப்படியே அமைதியாக இருந்துவிடும் என்று நினைக்கிறோம். ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட ஏதோ ஒன்று அங்கே வரத்தான் செய்யும். அதைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பயன்பாட்டு மாற்றம் கேட்டு வரும் வேளையில் மட்டுந்தான் நம் பேச்சுக்கு விலை இருக்கிறது. அந்த வேளையையும் ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லில் செலவழித்துவிடுகிறோம்.

கூட்டத்தில் என்னை யோசிக்கவைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மேஜைமேல் ஒரு தீப்பெட்டியை நிற்கவைத்து, கைப்பேசி விளக்கைத் தாழ்வாகப் பிடித்து, அதன் நிழல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று காட்டினார். “மாலை நான்கு மணிக்கு என் மொட்டைமாடி இதற்குள் வந்துவிடும்” என்றார். நியாயமான அச்சம். சொல்லப்போனால், எந்தப் பகுதியில் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று வரையறுக்கும் நவீன நகரங்களின் மண்டல விதிகள் பிறந்ததில் இந்த நிழலுக்கும் பங்குண்டு. நியூயார்க்கில் 1915இல் ஈக்விடபிள் கட்டடம் ஒரு ஏக்கருக்கும் குறைவான மனையில் ஏறத்தாழ 40 மாடி செங்குத்தாக எழுந்து, அக்கம்பக்கத்துத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்தது. மறு ஆண்டே, 1916இல், அந்த நகரம் தன் மண்டல விதியைக் கொண்டுவந்தது. உயரே போகப் போகக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்றது அந்த விதி. மாடிக்கட்டடங்கள் நின்றுவிடவில்லை, அவற்றின் வடிவம் மாறியது. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். தீப்பெட்டியை எடுத்துப் படுக்கவைத்து மறுபடி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். அந்த அரை நிமிடந்தான் மூன்று மணி நேரக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

எல்லாரும் அவரைப்போல் பேசவில்லை. “மாடி வீட்டுக்காரர்கள் வந்தால் பகுதியின் தரம் போய்விடும்” என்று ஒருவர் சொன்னார், கைதட்டலும் கிடைத்தது. இந்தப் பேச்சுக்கு நூறு வயது. அமெரிக்காவில் கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது, அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாண்ட், தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் கட்டடம் பல நேரங்களில் வெறும் ஒட்டுண்ணிதான் என்றார். கவனியுங்கள், வீடுகளுக்குப் பக்கத்தில் எழும் தொழிற்சாலையைச் சொல்லவில்லை. மனிதர்கள் படுத்து உறங்கும் கட்டடத்தைச் சொன்னார். சட்டமே அப்படிப் பேசிய பிறகு கூட்டத்தில் ஒருவர் பேசுவதில் வியப்பென்ன?

ஆனால் அதே யூக்ளிட் விதியில் இன்னொன்று இருந்தது. வீட்டுப் பகுதிக்குள் கடையோ ஆலையோ நுழையக் கூடாதே தவிர, கடைப் பகுதியில் வீடு கட்டத் தடை இல்லை. கடைப் பகுதியில் வீடு கூடாது என்ற கெடுபிடி பல ஊர்களில் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் இன்றும் அந்தப் பழைய முறைதான். நாடு முழுவதற்கும் பொதுவாக 13 வகை நிலப் பயன்பாட்டு மண்டலங்கள். அவற்றில் தொழிற்சாலைகளுக்கு மட்டுமான ஒரே ஒரு மண்டலத்தில்தான் வீடு கூடாது. கடைத்தெருவில் வீடு கட்ட அங்கே யாரும் நலச் சங்கத்தைக் கூட்டுவதில்லை. கலிபோர்னியாவும் சுற்றி வளைத்து அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. 2022இல் இயற்றி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வணிகச் சாலைகளை ஒட்டிய நிலத்தில், குறைந்த வருவாய்க்காரர்களுக்கும் பங்கு வைத்துக் கட்டும் குடியிருப்புகளுக்குத் தனியாகப் பயன்பாட்டு மாற்றம் தேவையில்லை.

போக்குவரத்து நெரிசல் பற்றி நேற்று ஒரு மணி நேரம் பேசினோம். வீணான ஒரு மணி நேரம். அதே பரப்பில் ஓடும் கடை, குடியிருப்பைவிடப் பல மடங்கு வண்டிகளை இழுக்கும். நூறு பேர் வந்து போனால்தான் கடைக்குப் பிழைப்பு. ஒரு வீட்டுக்கு அத்தனை பேர் வந்தால் அங்கே ஏதோ விசேஷம் என்று பொருள். இன்று சாலை காலியாக இருப்பதற்குக் காரணம் அந்த வளாகம் செத்துக் கிடப்பதுதான். ‘வணிகம் தழைக்கட்டும், வண்டி மட்டும் வரக்கூடாது’ என்பதைப் படிவத்தில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் காட்சி. கடைசி வரிசையில் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு முறை கை தூக்கினார். மூன்றாவது முறைதான் பேச வாய்ப்புக் கிடைத்தது. “இங்கே வாடகை வீடு தேடி...” என்று தொடங்கும்போதே முன்வரிசையிலிருந்து கேள்வி வந்தது: “தம்பி, நீங்கள் சொந்த வீட்டுக்காரரா?” இல்லை என்றார். “சரி, முதலில் உறுப்பினர்கள் பேசட்டும்.” அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நான் அதே அறையில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போடாத வீரம் எனக்கு அதற்கப்புறம்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது நம் பகுதியின் தனிக்குணம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்புகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். புதிய வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான். பேசியவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊர் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிட அதிகம். புது வீட்டில் குடியேறப் போகிறவர் இன்று எங்கே இருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. பிறகு எப்படிக் கூட்டத்துக்கு வருவார்? சத்தமாகக் கேட்கும் குரலெல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டவர்களின் குரல். என் வீட்டுக் கதவும் அதில் சேர்த்திதான்.

இதுவரை படித்துவிட்டு, ‘பில்டருக்கு ஆள் பிடிக்கிறார்’ என்று யாராவது எழுதக்கூடும். இருங்கள்.

ஒப்புதல் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே 2013 முதல் அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடுகளாக மாற்றலாம் என்று விட்டார்கள். வீடுகள் கிடைத்தன, ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கூடவே பெட்டியைப்போன்ற அறைகளும் வந்தன. ஜன்னலே இல்லாத வீடுகளுக்கு அனுமதி கிடைத்த கூத்தும் நடந்தது. பிறகு விழித்துக்கொண்டு, 2020இல் இயற்கை வெளிச்சத்தைக் கட்டாயமாக்கினார்கள். 2021 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சப் பரப்பையும் கட்டாயமாக்கினார்கள். ஒருவருக்கான மிகச் சிறிய வீட்டுக்கு 37 சதுர மீட்டர், அதாவது 400 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் கட்டி முடித்தவற்றில் குடியிருப்பவர்களுக்கு அந்த விதியால் பயன் இல்லை.

இன்னொன்று பணம். வணிக மனை குடியிருப்பு மனையாவதற்கு உரிமையாளர் ஒரு செங்கல்லையும் நகர்த்த வேண்டாம். ஓர் ஆணை, ஒரு முத்திரை போதும். வீட்டுக்குத் தேவை மிகுந்த இடத்தில் மனையின் மதிப்பு அதிலேயே ஏறிவிடும். அந்த ஏற்றத்தைத் தந்தது யார்? சாலையும் குழாயும் போட்ட ஊர். 1947இல் பிரிட்டன் இந்த மதிப்பு உயர்வு முழுவதையும், நூற்றுக்கு நூறு, அரசுக்குக் கட்டச் சொன்னது. நிலத்தை விற்கவே யாரும் முன்வராமல் போக, சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். பேராசை எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை கெடும். பிரேசிலின் சாவ் பாலோ நகரத்தில் வேறு வழி பிடித்தார்கள். எல்லாத் தளங்களையும் சேர்த்து மனையின் பரப்பளவுக்குச் சமமான கட்டடம் வரை கட்ட உரிமை. அதற்குமேல் கட்ட வேண்டுமானால் நகராட்சிக்குப் பணம் செலுத்திக் கூடுதல் உரிமை வாங்க வேண்டும். அந்தப் பணம் நகரத்தின் பணிகளுக்குப் போகிறது. நேற்றைய மூன்று மணி நேரத்தில் ‘நமக்கு என்ன தருவார்கள்?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேண்டவே வேண்டாம் என்று இருப்பவர் பேரம் பேச மாட்டார் அல்லவா?

ஆகவே நான் தனியாக ஒரு கடிதம் எழுதப்போகிறேன். மாற்றத்துக்குச் சம்மதம், ஆனால் சாலையை ஒட்டிய தரைத்தளம் கடைகளாகவே இருக்க வேண்டும். இப்போது திறந்திருக்கும் இரண்டு கடைக்காரர்களுக்கும் அதில் முதல் உரிமை வேண்டும். ஆசிரியர் வீட்டுப் பக்கம் உயரம் படிப்படியாகக் குறைய வேண்டும். கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு போதுமா என்று யாரோ ஒரு பொறியாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நேற்று எழுந்த எதிர்ப்புகளில் நான் முழு மனதோடு ஏற்பது இந்தக் குழாய்க் கேள்வியை மட்டுந்தான். அதைக் கேட்டவருக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் நேரம் தரவில்லை. வீடுகளில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு ஒதுக்கப்பட வேண்டும். இவை எல்லாம் பத்திரத்தில் ஏற வேண்டும். சிற்றேட்டில் அச்சிட்ட பசுமைப் பூங்காப் படங்களை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அந்த வகைப் படங்களில் மரம் எப்போதும் முழு வளர்ச்சியோடு நிற்கும்.

இதில் என் சொந்தக் கணக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: கட்டி முடிக்கும்வரை தூசியும் இரைச்சலும் என் வீட்டுக்கும் வரும். என் வீட்டு விலை ஏறுமா இறங்குமா, யோசித்துப் பார்த்தேன், விற்கப் போவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு. கடைசி வரிசையில் நின்ற அந்த இளைஞர் எந்தத் தெருவில் தங்கியிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, பேச எனக்குக் கிடைக்கும் நேரத்தை அவருக்குக் கொடுக்கச் சங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். “விதிகளில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்றார்.