கண்ணாடி மொசைக்குக்கு சிமெண்ட் பால் போதாது

"அடுப்படிச் சுவரில் கண்ணாடி மொசைக் ஒட்ட சிமெண்ட் பாலே (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) போதும், உடனே வெள்ளை சிமெண்டால் இடுக்கை அடைக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிச் செய்துவிடாதீர்கள். கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது. சிமெண்ட் பால் அதில் பிடிக்காமல் அடுப்புச் சூட்டில் சில்லு சில்லாகக் கழன்று வரும். பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ் (டைல் ஒட்டும் பசைக் கலவை) வேண்டும், அதுவும் வெள்ளை நிறம். சாம்பல் நிறம் கண்ணாடி வழியே இருண்டு தெரியும். பல் வைத்த கொத்தனார் கரண்டியால் 3 மி.மீ. கனத்துக்கு இழுத்து, அந்த வரிகளைத் தட்டைப் பக்கத்தால் தடவி மட்டமாக்கிய பிறகே மொசைக் ஷீட்டைப் பதியுங்கள். இல்லையென்றால் வரிவரியாகவே தெரியும். 24 மணி நேரம் காயட்டும். பிறகு இடுக்கை அடைக்க, அடுப்புக்குப் பின்னால் எபாக்சி கிரவுட்தான் (எபாக்சி பிசினால் ஆன இடுக்கு அடைக்கும் கலவை) சரி. வெள்ளை சிமெண்ட் தாளிக்கிற எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சிலிக்கான் சீலன்ட் (ரப்பர் போல வளைந்து கொடுக்கும் அடைப்புப் பசை). அங்கே கிரவுட் வைத்தால் விரிசல் விடும்.