மூக்கு யாரு மாதிரி?

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்த அன்று போனில் நான் கேட்ட முதல் கேள்வி: "ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "அக்கா, பொண்ணு பொறந்திருக்கா. அதைக் கேக்கவே இல்லையே நீ."

ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உறுத்துகிறது.

20-ஆவது வார ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. நுரையீரலுக்குப் போய் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு வந்த ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகும். உடம்பைச் சுற்றிவந்த ரத்தம் மறுபடி உடம்புக்கே போகும். வயிற்றுக்குள் இருக்கும்வரை அம்மாவிடமிருந்து ஆக்ஸிஜன் வந்துவிடுவதால் பிள்ளை ஜோராக உதைத்துக்கொண்டிருக்கும். வெளியே வந்ததும்தான் சிக்கல்.

அந்தச் செய்தி பரவிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த போன்கள் எல்லாமே துக்கம் விசாரிக்கிற குரலில்தான் வந்தன. பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. "யார் வழியில வந்தது இது?", "மாத்திரை கீத்திரை ஏதாவது போட்டியா?" என்று வேறு. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று ஏதோ ஒரு இதயக் குறையோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. இதயம் உருவாகி முடிவதே எட்டாவது வாரத்துக்குள். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று உறைப்பதே அப்போதுதான். இதில் எங்கே போய்க் குற்றவாளியைத் தேடுவது?

இன்னொரு கூட்டம் உண்டு. "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்" கூட்டம். ஆகாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? டாக்டரே அப்படிச் சொல்லவில்லையே! அந்த வார்த்தை சொல்கிறவருக்குத்தான் ஆறுதல், கேட்கிறவள் வாயை அது அடைத்துவிடுகிறது.

மூன்றாவது கூட்டத்தில் நானே இருந்தேன். ஆபரேஷன் முடியட்டும், பிள்ளை தேறட்டும், அப்புறம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று மகிழ்ச்சியைத் தள்ளிப்போட்டவர்கள். கேட்டால் ஜாக்கிரதை என்போம். உண்மையில் பயம். பிரியம் வைத்துவிட்டு இழந்துவிடுவோமோ என்ற பயம். எங்கள் பயத்துக்காக அவளை வாசலிலேயே நிற்க வைத்திருந்தோம். இந்த வியாதியோடு பிறக்கிற எல்லாப் பிள்ளையும் வீடு வந்து சேர்வதில்லை, தெரியும். மூன்றே நாள் இருந்துவிட்டுப் போகிற பிள்ளைக்கும் அந்த மூன்று நாளும் அவள் நாள்தானே. அதில் ஒருவர்கூட "வாம்மா" என்று சொல்லாமல் இருந்தால் எப்படி?

இதயத்தை ஒட்டி சின்னதாக ஒரு ரத்தக்குழாய் இருக்கிறது. பிறந்த ஓரிரு நாளில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் இரண்டு ரத்தமும் கலக்க வழி குறைந்துபோய் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஆபத்து. அது மூடாமல் இருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து சொட்டுச்சொட்டாக ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு பலூன் வைத்த ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் வழியைப் பெரிதாக்கினார்கள். 1966-இலிருந்து இருக்கிற முறையாம். ஒன்பதாம் நாள் பெரிய ஆபரேஷன். இடம் மாறியிருந்த அந்த இரண்டு பெரிய ரத்தக்குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைப்பது. இதயத்துக்கே ரத்தம் தருகிற நூல் கனத்து நாளங்களையும் கூடவே பெயர்த்து வைக்க வேண்டும். 1975-இல் பிரேசிலில் அடிப் ஜடேன் என்ற சர்ஜன் இதை முதலில் வெற்றிகரமாகச் செய்தார். இந்தச் சிகிச்சைகள் எல்லாம் வருவதற்கு முன்னால் இப்படிப் பிறந்த பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்த்ததில்லை.

எங்கள் பெண் பிழைத்தாள். ஆயுசுக்கும் செக்கப் உண்டு.

(எல்லாருக்கும் ஸ்கேனில் தெரிந்துவிடாது. பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தாலே இந்த மாதிரிக் குறைகளில் பலவும் மாட்டும். வலிக்காது, சில நிமிஷ வேலை. பிள்ளை பிறந்தால் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.)

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு நர்ஸைப் பற்றி. பிறந்து இரண்டு நாளாகத் தங்கச்சி பிள்ளையைப் பார்க்கவே இல்லை, ஆக்ஸிஜன் காட்டும் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 78. 81. 76. எண் இறங்கினால் இவள் மூச்சும் நின்றுவிடும். நைட் டியூட்டிக்கு வந்த அந்த அம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "அதை நான் பாத்துக்கறேன். நீங்க பாப்பாவைப் பாருங்க. மூக்கு யாரு மாதிரி? உங்களுது இல்லையே" என்றிருக்கிறார். அப்போதுதான் இவள் குனிந்து பார்த்திருக்கிறாள். காது மடல் ஓரத்தில் பூனைமுடி. ஒயர் ஒட்டாத இடமாகத் தேடி, உள்ளங்காலில் விரலை வைத்தாளாம். கால் விரல்கள் ஐந்தும் சுருங்கினவாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணி இதைச் சொல்லிச் சிரித்தாள். மாசக்கணக்கில் அவள் சிரித்துக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் என்னை இரண்டு நிமிஷம் உள்ளே விட்டார்கள். மானிட்டர் பக்கம் திரும்பக் கூடாது என்று முடிவோடு போனேன். வாயில் குழாய், பிளாஸ்டர், அதற்கு மேலே குட்டியாக மூக்கு.

"நம்ம அப்பா மூக்குடீ" என்றேன்.

"போக்கா, எங்க மாமியார் மூக்கு. நல்லாப் பாரு."

அந்தச் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.